போர்த்தோ என்றால் துறைமுகம்தானே?

போன சனிக்கிழமை மாலை ஒரு மேடையில் இருந்தேன். கையில் மைக். முன்னால் வரிசை வரிசையாக இத்தாலியர்கள்.

உடனே வாழ்த்து அனுப்பிவிடாதீர்கள். பேசியது நானில்லை. பேசியது திரேசா. அவள் தமிழில் சொல்வதை இத்தாலிய மொழியில் திருப்பிச் சொல்வதற்காகப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி வைக்கப்பட்டவள்தான் நான்.

வயிறு எரிந்தது. உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? இத்தனை வருடமாக இந்தப் பத்தியில் வாரா வாரம் உங்களோடு கதைக்கிறேன், எதை மறைத்திருக்கிறேன்? என் கணவரின் குறட்டை வரைக்கும் எழுதியாயிற்று. பொறாமையை மட்டும் ஏன் விட்டுவைப்பான்?

முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவைச் ‘சிஞ்ஞோரா’ என்றுதான் கூப்பிடுவேன். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. நான்காம் மாடி வீடு. பால்கனியில் நின்றால் பலேர்மோ துறைமுகம் முழுக்கத் தெரியும் — நேப்பிள்ஸ் போகும் கப்பல், பாரந்தூக்கிகள், அடுக்கி வைத்த கொள்கலன்கள், எல்லாம். சமையலும் துப்புரவும் என் பொறுப்பு. துணி அயன் பண்ணச் செவ்வாயும் வெள்ளியும் வருகிறவள்தான் திரேசா. மன்னார்ப் பக்கம். அதிகம் கதைக்க மாட்டாள்... நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு மாதம் இருக்கும். சிஞ்ஞோரா பால்கனியில் கோப்பியோடு நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

“மங்கை, எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு கூட்டம். அமெரிக்கர்களின் ‘போர்த்தோ தார்மி’ பற்றி நான் பேசுகிறேன். அந்த நாடு உருவான காலத்துச் சிந்தனைகள். எனக்குப் பிறகு ஒரு ஐந்து நிமிடம் நீ பேசு. நீ எழுதுகிறவள். போரைக் கண்ட நாட்டில் இருந்து வந்தவள். உன்னைவிட யார் பொருத்தம்?”

இதை ஒருவர் என்னிடம் கேட்க வேண்டும் என்று எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா! பத்து வருடமாக அந்த வீட்டில் என்னை ‘நல்லாச் சமைக்கிற மங்கை’ என்றுதான் எல்லோருக்கும் தெரியும். எழுதுகிற மங்கையை ஒருவரும் கண்டதில்லை. அன்றைக்கே ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்குப் போன் பண்ணினேன். வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடம் என்பதை மட்டும் போடவில்லை.

இனி என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள்.

போர்த்தோ என்றால் என்ன? துறைமுகம். இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே படித்த சொல். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும். தார்மி என்றால் ஆயுதங்களின். ஆக, அமெரிக்கர்களின் ஆயுதத் துறைமுகம்! அதைச் சொன்னபோது சிஞ்ஞோரா பார்த்துக்கொண்டு நின்றதும் துறைமுகத்தைத்தான். அங்கே அன்றைக்கென்று சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் வேறு நின்றது.

பயந்துபோனேன். இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை? நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் இங்கே தங்க நான் வைத்திருக்கும் பெர்மெஸ்ஸோ என்ன ஆகும்? பொலிஸ் குவெஸ்தூராவில் கூப்பிட்டு விசாரித்தால் என்ன சொல்வது?

ஆனாலும் எழுத்தாளர் இல்லையா... துணிந்து எழுதினேன். இத்தாலிய மொழியில் மூன்று பக்கம். பூட்டிய கொள்கலனுக்குள் என்ன இருக்கிறது, யாருக்குத் தெரியும் என்று கேள்வி கேட்டு, கடைசியில் கடலைப் பார்த்து ஒரு பெருமூச்சும் வைத்து முடித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அதைச் சிஞ்ஞோராவிடம் கொடுத்தேன். அவர் அடுப்படி மேசையில் வைத்து வாசித்தார். ஒரு பக்கம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரித்தார் பாருங்கள்... கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். என்ன சத்தம் என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொன்னார்; அவளும் சிரித்தாள்.

போர்த்தோ தார்மி என்றால் ஆயுதம் கொண்டு திரிவதற்கான அனுமதிப் பத்திரமாம். போர்த்தாரே — கொண்டு போவது, சுமப்பது. அதில் இருந்து வந்த சொல்லாம். கடலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்.

நீங்களே சொல்லுங்கள். இருபத்திரண்டு வருடத்தில் இந்த நாட்டில் எத்தனை தாளுக்கு வரிசையில் நின்றிருப்பேன்? எல்லாத் தாளின் பெயரும் நித்திரையிலும் சொல்வேன். இந்த ஒரு தாள் மட்டும் தேவைப்படவில்லை. தேவைப்படாத தாளின் பெயர் எனக்கு எப்படித் தெரியும்?

மூலையில் திரேசா தலையணை உறை அயன் பண்ணிக்கொண்டு நின்றாள். அவள் சிரித்தாளா இல்லையா என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை.

சிரித்து முடித்த சிஞ்ஞோரா, பாவம் என்று நினைத்தோ என்னவோ, எங்கள் இருவருக்கும் விஷயத்தை விளக்கினார்.

அமெரிக்கா புதிதாக உருவான நேரம். பிரித்தானிய ராஜாவின் படையோடு பட்ட பாட்டுக்குப் பிறகு, நிரந்தரப் படை என்றாலே அந்தச் சனத்துக்குப் பயம். சம்பளம் கொடுத்து அரசு ஒரு படை வைத்திருந்தால் என்றைக்காவது அந்தத் துவக்கு எங்கள் பக்கம் திரும்பும். ஆகவே கமக்காரனும் கொல்லனும் வீட்டில் துவக்கு வைத்திருக்கட்டும், ஊருக்கு ஒன்றென்றால் ஒழுங்காகத் திரண்டு நிற்கட்டும் — இது ஒரு பக்கத்தின் வாதம். இன்னொரு பக்கம், இப்படிச் சனத்தை மட்டும் நம்பினால் நாடு நிலைக்காது, பலமான அரசும் அதற்கென்று ஒரு படையும் வேண்டும் என்றது. பத்திரிகைகளில் புனைபெயரில் எழுதி எழுதிச் சண்டை பிடித்தார்களாம்!

கடைசியில் அவர்களின் அரசியலமைப்பில் ஒரே ஒரு வாக்கியம். சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிபடை அவசியம் என்று தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கவும் கொண்டு திரியவும் மக்களுக்கு உள்ள உரிமையில் கைவைக்கக் கூடாது என்று முடிகிறது. முன்பாதி பின்பாதியைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாதா? ஒவ்வொரு கமாவையும் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் வழக்காடுகிறார்களாம்.

கேட்கக் கேட்க எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. துவக்கு யார் கையில் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதி வாதாடக் கிடைத்திருக்கிறது! எங்களிடம் யார் கேட்டது? ஒரு கமா போடக்கூட எங்களுக்கு இடம் கிடைக்கவில்லையே!

அந்த ‘மக்கள்’ என்ற சொல்லுக்குள் அடிமைகள் இல்லை, அந்தப் பெரிய மனிதர்களுக்குச் சமைத்துப் போட்ட கறுப்பினப் பெண்கள் இல்லை என்று சிஞ்ஞோரா சொன்னபோது பொறாமை பாதியாகக் குறைந்தது. மற்றப் பாதி இன்னும் இருக்கிறது.

அப்போதுதான் திரேசா அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தனக்குத் தெரிந்த அடுப்படி இத்தாலியனில் கேட்டாள்.

“சிஞ்ஞோரா, கையிலை எடுக்க விருப்பமில்லாத ஆள் என்ன செய்யிறது?”

சிஞ்ஞோரா உள்ளே ஓடினார். ஓடினார் என்றால் — முழங்கால் வருத்தக்காரர் — அவருக்கு அது ஓட்டம்தான். ஒரு பழைய புத்தகத்தோடு திரும்பி வந்தார்.

அந்த வாக்கியத்தின் முதல் வரைவில் இன்னொரு வரி இருந்ததாம். சமய நம்பிக்கையால் ஆயுதம் தொட மறுப்பவரைப் படைக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று. அப்படி ஆயுதமே தொடாத ஒரு கிறிஸ்தவ சபையினர் அங்கே இருந்தார்களாம். அந்த வரியை வைத்துக்கொண்டு, ‘இவர்கள் எல்லாம் ஆயுதம் தொடாதவர்கள்’ என்று அரசே சொல்லிச் சனத்திடம் இருக்கும் துவக்கைப் பறித்துவிடும் என்று ஒருவர் பயந்தாராம். கடைசியில் அந்த வரியை வெட்டிவிட்டார்கள்.

“பிராவா திரேசா! சரித்திரம் படித்தவர்களே கேட்காத கேள்வி! நீதான் பேச வேண்டும்.”

நான் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தேன். ‘மங்கையும் பேசட்டும்’ என்று வரும் என்று.

வந்தது. “மங்கை மொழிபெயர்க்கட்டும்.”

அதன் பிறகு இரண்டு வாரம் நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால் என் மரியாதை போய்விடும். ஆனாலும் சொல்கிறேன். சிஞ்ஞோரா அவளுக்கு எந்தக் கோப்பையில் கோப்பி கொடுக்கிறார் என்று கவனித்தேன். அவள் அயன் பண்ணி மடித்த உடுப்புகளை விரித்து ஒரு சுருக்கமாவது இருக்கிறதா என்று தேடினேன். இருக்கவில்லை.

கணவரிடம் சொல்லி அழாத குறை. அவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், “அவளும் எங்கடை பிள்ளைதானேயப்பா,” என்றார். எனக்கா தெரியாது? வெள்ளைக்காரி யாராவது பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

“அக்கா, மேடைக்கு என்ன சாறி உடுக்க?” என்று திரேசா போன் பண்ணினாள். என்னை நம்பித்தான் கேட்டாள். அவளிடம் உள்ளதிலேயே மங்கலான மண்ணிறச் சாறியைச் சொன்னேன். சனிக்கிழமை அதை உடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல எடுப்பாக இருந்தாள்.

சரி, மேடைக்கு வருவோம்.

சிஞ்ஞோரா பேசி முடித்ததும் திரேசா எழும்பினாள். துண்டுக் கடதாசிகூட இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பதைப் போல நின்று சொன்னாள்.

“எனக்கு ஒரு அண்ணன் இருந்தவர். கடலுக்குப் போறவர். ஆயுதம் வைச்சிருந்த ஆக்கள் ஒவ்வொரு பக்கத்தாலையும் வருவினம். எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பினம் — எங்களோடையோ, அவங்களோடையோ?”

மொழிபெயர்த்தேன்.

“அண்ணன், நான் ஒருத்தரோடையும் இல்லை, துவக்கு எனக்கு ஏலாது எண்டு சொன்னவர். அப்பிடிச் சொல்லலாம் எண்டு எங்கடை ஊரிலை ஒரு தாளிலையும் எழுதி இருக்கேல்லை.”

மொழிபெயர்த்தேன்.

“ஒருநாள் விடிய வெள்ளாப்பிலை வள்ளம் எடுத்தவர். எங்கையாவது கரை சேருவன் எண்டு அம்மாவிட்டைச் சொன்னவர். சேரேல்லை.”

அதையும் மொழிபெயர்த்தேன்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

“மங்கையக்கா போர்த்தோ தார்மி எண்டதைத் துறைமுகம் எண்டு நினைச்சவ. எல்லாரும் சிரிச்சவை. நான் சிரிக்கேல்லை. துவக்குத் தூக்க மாட்டன் எண்ட ஆளுக்கு ஒரு துறைமுகம்தானே வேணும்?”

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

மைக் என் வாயடியில். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அந்த வரி இத்தாலிய மொழியில் எப்படி விழும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. போர்த்தோ தார்மி வேண்டாதவனுக்கு ஒரு போர்த்தோ வேண்டும்... தமிழில்கூட இவ்வளவு பொருந்தி வராது! எழுத்தை நம்பித் திரியும் எனக்கு வராத வரி, துணி அயன் பண்ணுகிறவளுக்கு வந்திருக்கிறது. அதுவும் என் பிழையில் இருந்து. அதைச் சொல்ல வேண்டும் என்றால் இத்தனை பேருக்கு முன்னால் என் முட்டாள்தனத்தையும் என் வாயாலேயே சொல்ல வேண்டும்.

“க்ராட்சியே,” என்றேன். “நன்றி எண்டு மட்டும்தான் சொன்னா.”

கைதட்டினார்கள். நீண்ட நேரம் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். சிஞ்ஞோரா திரேசாவைக் கட்டிப்பிடித்துவிட்டு, போகிற போக்கில் என் தோளில் தட்டி, “ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தாய்,” என்றார்.

எனக்கு நிலத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அந்த வரி என்னைப் பற்றியதே இல்லை. கரை சேராத ஒரு அண்ணனைப் பற்றியது. அதை வெட்டி எறிந்தவள் நான். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

கூட்டம் முடிந்து இருவரும் ஸ்தாசியோனே சென்ட்ராலே, பெரிய ரயில் நிலையப் பக்கம் பஸ்ஸுக்கு நடந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

“அக்கா, துறைமுகக் கதையை நீங்கள் சொல்லேல்லை என்ன?”

“உனக்கு விளங்கினதோ?”

“பதினாலு வருசமா இஞ்சை இருக்கிறன். போர்த்தோ எண்ட சொல்லு வந்திருந்தா எனக்குக் கேட்டிருக்காதோ?”

“இல்லை... நேரம் போட்டுது எண்டு...” என்று இழுத்தேன். என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. “இல்லையடி. வேணுமெண்டுதான் விட்டனான். எரிச்சலிலை.”

அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள். இனி வாங்கிக்கட்டப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்ப நடக்கத் தொடங்கினாள்.

“சரி விடுங்கோ அக்கா. அமெரிக்காக்காரரே அந்த வரியை வெட்டினவைதானே!”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அன்றைக்கு வெட்டிய வரியை இன்றைக்கு இங்கே உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். நாளை காலை சிஞ்ஞோராவிடமும் இத்தாலிய மொழியில் சொல்ல வேண்டும். அந்த நூலகத்துக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும். திரேசாவின் பெயரைப் போட்டுத்தான்.

எல்லாம் சரி... வழியில் அவள் சொன்ன அந்தக் கடைசிப் பகிடியாவது முதலில் எனக்கு வந்திருக்கக் கூடாதா?