முதல்லேருந்து

முதலில் தட்டுவார். நடுவிரல் கணுவால், ஒரு சாண் விட்டு ஒரு சாண், டொக் டொக்கென்று. பிறகு தலையைச் சாய்த்துக் காதைச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது குறுக்கே பேசிவிட்டால் தீர்ந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரமாட்டார். சுவரின் மூலைக்குத் திரும்பிப் போய் மறுபடியும் ஆரம்பிப்பார். இது தெரிந்தும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "காபி ஆறுது மாப்பிள்ளை" என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் மூலைக்குப் போய்விட்டார்.

காபி பச்சைத் தண்ணீரான பிறகு தீர்ப்பு வந்தது. "உள்ள பிடிப்பே இல்ல மச்சான். பழசு மேலயே பூசிப் பூசி வச்சிருக்கான் படுபாவி. முதல்லேருந்து வரணும்."

"எந்தப் படுபாவி?"

"நான்தான்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இவர் என் தங்கை வீட்டுக்காரர். சுவருக்கு வண்ணம் அடிப்பது தொழில். எங்கள் தெருவில் இவருக்குப் பெயர் 'முதல்லேருந்து'. தேடி வருகிறவர்கள் "முதல்லேருந்து இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள், இவரும் கோபித்துக்கொள்ளாமல் எழுந்து போவார். வீட்டுக்காரர்கள் கேட்பது மேலே ஒரு பூச்சு. இவர் செய்வது என்ன? சுரண்டுவது. பழைய வண்ணம் ஒவ்வொன்றையும் உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிமெண்டுப் பூச்சு கண்ணில் படும்வரை சுரண்டிவிட்டுத்தான் தூரிகையைத் தொடுவார். செருப்புக்கடைக்காரர் முகப்பு பளபளக்க வேண்டுமென்று கூப்பிட்டார், பாவம். கடை வாரக்கணக்கில் சொறி பிடித்தவன் முதுகு மாதிரி நின்றது. அவர் கத்தாத கத்தல் இல்லை. இவர் ஏணியில் உட்கார்ந்தபடியே, "பொறுங்க ஐயா, நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சுரண்டினார்.

வேலை முடிந்தாலாவது விடுவாரா? அதற்குப் பிறகுதான் சட்டதிட்டம். இவர் அடித்த சுவரில் யாரும் ஆணி அடிக்கக் கூடாது. கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டு வருவார். தபால்காரர் அதைக் காதில் வாங்காமல் கடிகாரம் மாட்ட ஓர் ஆணி அடித்தார். இவர் மறுநாளே போய், கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, வண்ணம் தொட்டுவிட்டு வந்தார். தபால்காரர் வீட்டுக் கடிகாரம் இன்னமும் மேசை மேல் படுத்துக்கொண்டுதான் மணி காட்டுகிறது.

சாப்பாட்டு ஜெபமும் இதே லட்சணம்தான். நடுவில் யாருடைய போனாவது அடித்தால் கண்ணைத் திறக்காமலே, "பரவாயில்ல, முதல்லேருந்து" என்பார். அவர் நன்றி சொல்ல வேண்டியவை ஏராளம். ஏணிக்குக்கூட நன்றி உண்டு. என்னோடு உட்கார்ந்து அவர் சூடாகச் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

இந்த வியாதி எங்கே தொற்றியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் ஒப்பிப்பேன். சபையில் "சாட்சி சொல்ல யாராவது உண்டா?" என்று போதகர் கேட்டு வாய் மூடுமுன் இவர் எழுந்துவிடுவார். கதை ஒன்றேதான்.

"அப்போ நான் தண்ணி போட்டுட்டுதான் ஏணியில ஏறுவேன். இந்தச் சுவத்துக்கு அடிக்கத்தான் கூப்பிட்டாங்க. மேல நிக்கிறேன், கீழ பாட்டு ஒத்திகை நடக்குது. ஒரு அம்மா ஒரு வரிய தப்பா எடுத்துட்டாங்க. போச்சுடா, வாத்தியார் கிழிகிழின்னு கிழிக்கப் போறாருன்னு பாத்தா, அவரு 'பரவாயில்லம்மா, முதல்லேருந்து'ங்கிறாரு. மறுபடியும் தப்பு. 'பரவாயில்ல, முதல்லேருந்து.' இன்னும் ஒரு தடவ தப்பு. மனுசன் முகமே மாறல. எனக்கு ஏணியிலயே கண்ணு கலங்கிருச்சு. எத்தனை தடவ தப்பு பண்ணாலும் வெளிய போன்னு சொல்லாத இடம் ஒண்ணு இருக்கா? இறங்கிப் போயி போதகர்கிட்ட கேட்டேன். ஐயா, இது பாட்டுக்கு மட்டுந்தானா, ஆளுக்கும் உண்டா?"

ஆளுக்கும் உண்டு என்று போதகர் சொல்லிவிட்டார். அதோடு குடி நின்றது. அதை நான் மறுக்கவே மாட்டேன். அவர் முகத்தருகே மூக்கை நீட்டி மோந்து பார்த்தவன் நான், ஒரு தடவை அல்ல. வண்ணம் கரைக்கிற எண்ணெய் வாசம்தான் வந்தது. என்றாலும் அந்தப் பாட்டு வாத்தியார் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. சொல்வதற்கு வேறு வார்த்தையா கிடைக்கவில்லை அவருக்கு?

நான் பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவன். பின்வரிசையில் உட்கார்ந்து, பாட வேண்டிய இடத்தில் பாடி, முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவேன். யாருக்கும் தொந்தரவு கிடையாது. இவர் அப்படியா? ஒரு நாள் சாட்சியின் நடுவில், மைக்கில், "என் சம்சாரம் தலைக்கு நேரா இஸ்திரிப்பெட்டிய எறிஞ்சவன் நான். ஆண்டவர் புண்ணியத்துல குறி தப்புச்சு" என்று சொல்லிவிட்டார். சம்சாரம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்! சபையே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து என் தங்கையும் என் பக்கத்தில், பின்வரிசைக்கு வந்துவிட்டாள். அவருக்கு இரட்சிப்பு, எங்களுக்கு மானக்கேடு.

வெளியே வந்து பிடித்துக்கொண்டேன். "இதையெல்லாமா மைக்கில சொல்லுவாங்க?"

"பழச மூடி வச்சுக்கிட்டு புது மனுசன்னு சொன்னா எப்படி மச்சான் ஒட்டும்? உரிஞ்சிருமே" என்றார். சுவரைப் பற்றிச் சொல்கிறாரா தன்னைப் பற்றிச் சொல்கிறாரா என்றே தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்குமென்று நான் நினைக்கவில்லை.

தங்கை அவரை வெளியே அனுப்பியது அந்த இஸ்திரிப்பெட்டிச் சண்டைக்குப் பிறகுதான். அவள் வீட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. வேலை முடிந்து வந்தால் சட்டையை அவர் அதில்தான் மாட்டுவார். அவர் போன அன்று அவள் குறடு ஒன்றை எடுத்து அந்த ஆணியைப் பிடுங்கித் தெருவில் வீசினாள். அடுத்த வீட்டுக்காரனாகிய நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவள் அழவில்லை. கண்ட இடத்தில் படுத்துக் கிடந்தவருக்குக் குடி நின்ற பிறகு படுக்கை, சபைக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கி வைக்கிற அறையில்.

மாறிவிட்டார், ஒரு தடவை உள்ளே விட்டுப் பாரேன் என்று அவளிடம் நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். வேலை செய்யும்போது எப்படியோ அப்படித்தான் வீட்டிலும் பேசுவாள், சுருக்கமாக. "அப்போ தினமும் காலையில அவரு புதுசாத்தாண்ணே இருப்பாரு. சாயங்காலம்தான் பழசு. அவரு 'முதல்லேருந்து'ன்னு சொன்னா எல்லாருக்கும் நல்லா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. முதல்ல என்ன நடந்துச்சுன்னு எனக்குல்ல தெரியும்."

சிபாரிசை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த மழையில் அவள் வீட்டு ஹால் சுவர் உப்பி உதிர ஆரம்பித்தது. விஷயம் அவர் காதுக்குப் போனதும் என்னைத் தேடி வந்தார். "வேலைக்காரனா வர்றேன் மச்சான். வீட்டுக்காரனா இல்ல. கேட்டுப் பாருங்க." கேட்டேன். அவள் சரி என்றாள். அவரைவிட நல்ல கை இந்தப் பக்கத்தில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அல்லது அவளும் எதையோ தட்டிப் பார்க்க நினைத்தாளோ என்னவோ. ஆனால் நிபந்தனைகள் உண்டு. அவள் வேலைக்குப் போன பிறகு வரவேண்டும், அவள் வந்ததும் கிளம்பவேண்டும். சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது. சத்தம் போட்டு ஜெபம் கூடாது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நல்ல சட்டையைக் கழற்றிக் கொல்லைப்புறக் குழாயில் மாட்டிவிட்டு, அழுக்குச் சட்டையோடு உள்ளே வந்து, முதல் காரியமாகச் சுவரைத் தட்டினார். நான் காபி என்று வாய் திறந்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமா? தங்கை வீட்டு அலமாரி, சோபா, தையல் மிஷின் எல்லாம் என் வீட்டுக்குள் வந்து குடியேறின. நான் என் கட்டிலுக்குப் போக சோபா மேல் ஏறி இறங்கவேண்டும். தூசி என் காதுக்குள், கண்ணாடிக்குள், தண்ணீர்ப் பானைக்குள். எல்லாவற்றையும் தாங்கலாம், இவர்கள் இருவருக்கும் நடுவில் நான் தபால்பெட்டியாக நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. சாயங்காலம் அவள் வந்து நிற்பாள். அவர் ஒரு கை தூரத்தில் தூரிகை கழுவிக்கொண்டிருப்பார்.

"அண்ணே, ஜன்னல் பக்கம் ஈரம் இருக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"பாத்துட்டேன்னு சொல்லுங்க மச்சான்."

"பாத்தாச்சாம்" என்று நான் சொல்லவேண்டும். எனக்கு வந்த எரிச்சலுக்கு இருவர் தலையையும் பிடித்து முட்டியிருப்பேன்.

ஹாலில் இருந்த ஆணிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுக்கொண்டே வந்தவர், காலண்டர் தொங்கிய இடத்துக்கு வந்தார். அங்கே வந்ததும் கை நின்றது. எனக்கும் புரிந்துவிட்டது. இஸ்திரிப்பெட்டி பட்ட இடம் அது. அப்போது சுவர் பெயர்ந்து ஒரு பள்ளமே விழுந்திருந்தது. போதை தெளிந்த மறுநாள் காலையில் இவரே பட்டிப் பசை வைத்து மூடி, வண்ணமும் அடித்துவிட்டார். கைகாரர் அல்லவா, எந்த இடமென்று கண்டுபிடிக்கவே முடியாது. அப்படியும் தங்கை வருஷா வருஷம் சரியாக அங்கேதான் காலண்டரை மாட்டுவாள்.

"மாப்பிள்ளை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்த இடத்தை மட்டும் விட்டுடுங்க" என்றேன். "அதுதான் நல்லா இருக்கே!"

"நல்லா இருக்கிற மாதிரி இருக்கு."

"அவ வந்து பாத்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஏதோ இந்த அளவுக்காவது உள்ள விட்டிருக்கா. கெடுத்துக்காதீங்க!"

அவர் சுரண்டும் தகட்டை அங்கே வைத்து நெம்பினார். பட்டி ஒரே கட்டியாகக் கழன்று விழுந்து உடைந்தது. உள்ளே பள்ளம் செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை நாள் தூசி தின்றதெல்லாம் வீண். அடைத்துவிடுங்கள், அவள் வருவதற்குள் அடைத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். கரைத்த பட்டி பக்கத்திலேயே சட்டியில் இருந்தது. இவருக்கு அது கண் மூடித் திறக்கிற வேலை. ஆனால் மனிதர் தகட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. சத்தம் போட்டு ஜெபம் கூடாது என்பது நிபந்தனை.

அவள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் அந்தப் பள்ளத்தின் முன்னால் போய் நின்றாள். இவர் எழுந்தார்.

"நான் பண்ணினது இது. மறுநாளே மூடிட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. இப்போ மூடணுமா வேணாமா, நீதான் சொல்லணும். இப்படியே விடுன்னாலும் விட்டுர்றேன்" என்றார். எந்த 'முதல்லேருந்து'வும் அதில் இல்லை.

அவள் விரலை விட்டுப் பள்ளத்தைத் தடவினாள். உள்ளே ஒட்டியிருந்த பழைய பட்டித் துணுக்கை நகத்தால் நெம்பி எடுத்தாள். பல்லைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். பிறகு திரும்பி என்னிடம்தான் சொன்னாள். "சொத்தைய முழுசா எடுக்காம அடைச்சா உள்ளயே சீழ் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் இருக்கு, எடுக்கச் சொல்லுங்கண்ணே. அவசரப்பட்டு அடைக்க வேணாம். காயட்டும்."

"சரின்னு சொல்லுங்க மச்சான்" என்றார் இவர். நான் சொல்லவில்லை. அவர்களே கேட்டுக்கொள்ளட்டும் என்று வீட்டுக்குப் போய் சோபா மேல் ஏறி இறங்கிப் படுத்துவிட்டேன்.

காய்ந்தது. பிறகு அடைத்தார், தேய்த்தார், பிரைமர் போட்டார், அடித்தார். இளநீலம். நான் எரிச்சலில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். ஆனால் அந்தச் சுவரைக் கையால் தடவியவன், கையை எடுக்க மனமில்லாமல் இன்னொரு தடவை தடவினேன். கடைசி நாள் சாயங்காலம் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டே வழக்கமான உபதேசத்தை ஆரம்பித்தார். "மச்சான், உங்க தங்கச்சிகிட்ட சொல்லிருங்க. ஒரு ஆணி கூடாது. காலண்டர மேசை மேல வச்சுக்கட்டும்." சொல்லிவிட்டுத் தூரிகை கழுவக் கொல்லைப்புறம் போனார்.

தங்கை வேலை முடிந்து உள்ளே வந்தாள். சுவரை நாலு பக்கமும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். விரல் நீளத்துக்குப் புது ஆணி. "சுத்தியல் எங்கண்ணே?" என்றாள். மூட்டையில் வைக்க எடுத்தது, என் கையில்தான் இருந்தது. என்ன ஏதென்று யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். வாசல் கதவுக்குப் பக்கத்தில், பழைய இடத்தில், ஓங்கி அடித்தாள்.

சத்தம் கேட்டு அவர் ஈரக்கையோடு பாய்ந்து வந்தார். "ஐயோ சுவரு! யாரு ஆணி..." என்றவர், எந்த இடம் என்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இளநீலத்தில் ஒரு சில்லு பெயர்ந்து தரையில் கிடந்தது.

அவள் அவரைத் தாண்டிக் கொல்லைப்புறம் போனாள். குழாயில் தொங்கிய சட்டையை எடுத்து உதறிக்கொண்டு வந்து, ஆணியில் மாட்டி, காலரை இழுத்து நேராக்கினாள்.