பதினொரு சிவப்புக் காசு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் துணி துவைக்கும் கடை அக்காவிடம் மட்டும் அது செல்லாது.

காசு போட்டால் ஓடும் வாஷிங் மெஷின்கள் அங்கே எட்டு. சனிக்கிழமைதோறும் போய்க் காசுப் பெட்டிகளைத் திறப்பது என் வேலை. தரை துடைப்பது, துணி மடிப்பது, சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது எல்லாம் அக்கா. கணவர் இறந்தபின் அவளுக்கென்று இருப்பது இந்த வேலையும், வேலையோடு சேர்த்துக் கொடுத்த மாடி அறையும்தான். "எனக்கென்ன குறைச்சல், ராணி மாதிரி இருக்கேன்" என்பாள். பொய்யில்லை, அப்படித்தான் இருந்தாள்.

மேசைமேல் ஒரு டம்ளரில் இருபது காசு, சிவப்பு நகப்பாலிஷ் பூசியவை. மெஷின் யாருடைய காசையாவது விழுங்கிவிட்டு மக்கர் பண்ணினால், அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு "சிவப்பு!" என்று குரல் கொடுக்க வேண்டும். அக்கா ஓடிவந்து, அந்த மெஷின் மறுபடி நின்றுவிடாமல் கடைசிவரை பக்கத்திலேயே நிற்பாள். சும்மாவா நிற்பாள்? வாய் ஓயாது. பெட்டியில் விழுந்த சிவப்பை நான் பொறுக்கி டம்ளரில் திரும்பப் போட்டுவிடுவேன். அது கடைக் காசு, வருமானத்தில் சேராது.

ஒரு சனிக்கிழமை பெட்டியிலும் டம்ளரிலுமாக முப்பத்தொரு சிவப்பு இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதலாளிக்கு போன் போட்டேன். பாழாய்ப்போன வாய், கொஞ்சம் பொறுத்திருக்கலாம்!

"துவைக்கக் குடுக்கறவங்க காசை அமுக்கிட்டு, சிவப்பைப் போட்டு ஓட்டறா. இருபது பத்தலைன்னு இன்னும் பூசியிருக்கா. இன்னைக்கே ரூமைக் காலி பண்ணச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அக்காவின் முகம் செத்துப்போனது. "நானா, தம்பி? நீயே சொல்றியா?"

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அப்போது பெஞ்சில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. சட்டைப்பையிலிருந்து நகப்பாலிஷ் புட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. பூசினது நான்தான்."

"எதுக்கு சார்?"

"சிவப்புன்னு கூப்பிட்டா வந்து நிப்பாங்க, நாலு வார்த்தை பேசுவாங்க. வீட்ல எனக்குப் பேச ஆளில்லை."

"அதுக்கு டம்ளர்லயே காசு இருக்கே?"

"அதை எடுத்தா ஓசியில துவைச்ச மாதிரி ஆயிடாதா? முப்பது வருஷம் அடுத்தவங்க காசைத் தொட்டதில்லை. அதான் என் காசுக்கே பூசிப் போட்டேன்."

நான் மறுபடி போன் போட்டுக் கத்தினேன், "முதலாளி, பதினொண்ணும் கஸ்டமர் போட்ட காசு! கடைக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அக்கா எங்கயும் போகமாட்டா!" "சரி சரி, இருக்கட்டும்" என்று மறுமுனையில் முனகினார்.

கண்டக்டர் தலை நிமிரவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பையிலிருந்து ஒரு சட்டையை உருவி மோந்து பார்த்தாள்.

"இது முந்தாநாள் துவைச்சதுதானே?"

"ஆமா."

"அதுக்கு முந்தின நாளும்?"

அவர் அசடு வழிந்தார். காலர் நைந்து நூல் நூலாகத் தொங்கியது. அக்கா சட்டையை மடித்துப் பைக்குள் வைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்குச் சட்டையெல்லாம் வீட்லயே இருக்கட்டும். நீங்க மட்டும் வாங்க."