உள்ளுக்குத் திருப்பிய நாலு டயர்

நானும் மனைவியும் கல்யாண மணவறை வாடகைக்கு விடுகிறோம். வீடு லண்டன் பிளேஸ்டோவில். தூண்கள், வளைவு, மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்க இரண்டு கதிரை, கம்பளம் எல்லாம் ஒரு ட்ரெய்லருக்குள் அடங்கும். அதை இழுப்பது நாலு சக்கரமும் இழுக்கிற ட்ரக். ஏற்றி இறக்கிப் பூட்டி நிறுத்துவது நான். பூவும் துணியும் அவள். லண்டனுக்குள் என்றால் வேலை லேசு. இப்போது எங்கள் சனம் எல்லா இடத்திலும் இருக்கிறது. வடக்கே மலைப்பக்கத்து ஊர்களிலிருந்தும் கூப்பிடுவார்கள்.

மார்கழியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். வைக்காததெல்லாம் சேர்ந்து தையில் வரும். தை என்றால் அங்கே பனி.

முந்திய வருடத் தையில் ஒரு இறக்கத்தில் ட்ரக் வழுக்கியது. ட்ரெய்லர் பின்னால் தள்ளியது. வேலி ஒன்றில் முட்டி நின்றோம். மனைவியின் நெற்றி கண்ணாடியில் அடித்து வீங்கியது.  வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னாள்.

“இஞ்சருங்கோ. அடுத்த தைக்கு ஸ்னோ டயர் போட்டால் வாறன். இல்லாட்டி வரமாட்டன்.”

“போடுறன்,” என்றேன்.

நான் அடிக்கடி வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை.

டயர் பற்றி எனக்குத் தெரியும். லண்டனுக்கு வருவதற்கு முன் சுவிஸில் எட்டு வருடம் ஒரு டயர்க் கடையில் வேலை செய்தேன். அங்கே குளிர் தொடங்கும்போது ஊரே டயர் மாற்றும். இங்கே யாரும் மாற்றுவதில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு அது எதற்கு என்று கேட்பார்கள். நாலும் இழுப்பது ஏறுவதற்கு. நிற்பதற்கு ரப்பர்தான் வேண்டும். குளிரில் சாதாரண ரப்பர் இறுகிவிடும். பனி டயரின் ரப்பர் மெதுமையாக இருக்கும். பழசானால் அதுவும் இறுகும். அதனால் அந்தக் கடை முதலாளி முதல் நாளே எங்களுக்கு ஒன்று சொன்னார். டயரைக் கையில் எடுத்தால் முதலில் பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தைப் பார். முதல் இரண்டும் செய்த கிழமை, ஐம்பத்திரண்டில் எத்தனையாவது வாரம் என்று. மற்ற இரண்டும் வருடம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். இது மறக்கவில்லை.

எங்களுக்கு என்றேன். மற்றவன் என் கூட்டாளி. சுவிஸ் அகதி முகாமில் ஒரே அறை. அவன் மேல் கட்டில், நான் கீழ்க் கட்டில். பிறகு ஒரே கடையில் வேலை. அவன் எனக்கு முதலே லண்டனுக்கு வந்தான். என்னையும் வா என்றவன் அவன்தான். இப்போது வெம்பிளியில் சொந்தமாக டயர்க் கடை வைத்திருக்கிறான். வேறு ஆளிடம் டயர் வாங்க எனக்கு மனம் வராது.

ஐப்பசியில் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளும் கண்ணால் பார்க்கட்டும் என்று.

அவன் மூன்று விதம் காட்டினான். முதலாவது பெரிய பல் வைத்த டயர். சேற்றுக்கு நல்லது. பார்க்க முரடு.

“இதைப் போடு மச்சான். பொம்பிளை வீட்டுக்காரர் மணவறை வருகுதோ ஆமி ஜீப் வருகுதோ எண்டு ஓடுவினம்.”

மனைவி சிரித்தாள்.

“பல்லுப் பெரிசு. குளிருக்கு ரப்பர் கல்லு,” என்றேன்.

இரண்டாவது எல்லாக் காலத்துக்கும் போடுவது. லண்டனுக்குப் போதும். மலைக்குப் போதாது. மூன்றாவது டெலிபோனில் படமாகத்தான் இருந்தது. பக்கத்தில் மலையும் நடுவில் பனிப்பூவும் அச்சடித்த டயர். அதுதான் சரியான பனி டயர்.

“உன்ரை சைசுக்கு இஞ்சை கிடையாது. ஜேர்மனியிலை இருந்து எடுப்பிக்கிறன். ரெண்டு கிழமை.”

“புதுசோ?”

“உனக்குப் பழசு தருவனோ?”

“இல்லை, கேட்டன்.”

“கேக்கிறான் பார் தங்கச்சி. ஒரு அறையிலை கிடந்து எழும்பினவன் கேக்கிறான்.”

மனைவி அவனிடம் கேட்டாள். “அண்ணை, இனி வழுக்காதோ?”

“என்ரை பொறுப்பு. நீ கண்ணை மூடிக்கொண்டு இரு தங்கச்சி.”

அவள் தலையாட்டினாள். அவனை அவள் கூடப்பிறந்தவன் போலத்தான் வைத்திருந்தாள்.

இரண்டு கிழமையில் கூப்பிட்டான். தனியே போனேன். டயர்கள் கழுவி, கறுப்புப் பூசி, சுவரோடு அடுக்கியிருந்தன. பல் ஆழமாக இருந்தது. ஓடாத டயர் என்று தெரிந்தது. அவன் ஜாக்கை வைத்தான்.

“நீ உள்ளை போய் ரீயைக் குடி. இதிலை நிண்டு என்னத்தைப் பாக்கப்போறாய்.”

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். தெரிந்தவன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்கக்கூடாது. பார்த்தால் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். வேறு ஆளின் கடை என்றால் குனிந்து இலக்கத்தைப் பார்த்திருப்பேன். அவன் கடையில் குனிய வெட்கமாக இருந்தது. உள்ளே போய்த் தேநீர் குடித்தேன். முடிந்தபின் ட்ரக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். மலையும் பனிப்பூவும் தெரிந்தன. போதும் என்று வந்துவிட்டேன்.

தையில் வடக்கே ஒரு கல்யாணம். முகூர்த்தம் சனி காலை. மணவறை கட்ட வெள்ளி மத்தியானம் போனோம். மண்டபத்துக்குப் போவது ஏறி இறங்கும் ஒடுங்கின ரோட்டு. இரண்டு பக்கமும் கல்மதில். பனி நாலு விரல் கனம் இருந்தது. ஏற்றத்தில் ட்ரக் ஒழுங்காக ஏறியது. மனைவி பிடித்திருந்த கைப்பிடியை விட்டாள். மடியில் மாலைப் பெட்டி.

“பரவாயில்லை,” என்றாள்.

அடுத்தது இறக்கம். ஆள் நடக்கிற வேகத்தில்தான் போனேன். பிரேக்கை மெல்லத் தொட்டேன். அது காலுக்குக் கீழே துடித்தது. ட்ரக் நிற்கவில்லை. வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். ட்ரக் நேரே போனது. அவள் பக்கத்துக் கதவு கல்மதிலில் உரசி நெளிந்தது. அதோடு நின்றது.

அவளுக்கு அடி இல்லை. அந்தக் கதவு திறக்காது. என் பக்கத்தால் இறங்கினாள். மாலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தாள். அரை மைல் இருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் டயரில் நகத்தை அழுத்திப் பார்த்தேன். பதியவில்லை. இலக்கத்தைத் தேடினேன். நாலு சக்கரத்திலும் வெளிப்பக்கம் இல்லை. அது டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். யோசிக்காமல் பூட்டினால் சிலது உள்ளே போகும், சிலது வெளியே வரும். நாலும் உள்ளே போவதென்றால் பார்த்துப் பார்த்துத் திருப்பியிருக்க வேண்டும்.

பனியில் படுத்து ட்ரக்கின் அடிக்குள் போனேன். டெலிபோன் வெளிச்சத்தில் பார்த்தேன். பதின்மூன்று வருடம் பழசு. எங்கேயோ விலைபோகாமல் கிடந்தவை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். முதுகு நனைந்தது.

ஒரு பண்ணைக்காரன் டிராக்டரால் இழுத்துவிட்டான். மணவறையை நேரத்துக்குக் கட்டினோம். கல்யாணம் நடந்தது. மனைவி பெண்வீட்டாரின் வான் வண்டியில் லண்டனுக்கு வந்தாள்.

திங்கட்கிழமை காலை அவன் கடைக்குப் போனேன். நெளிந்த கதவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

“என்ன மச்சான், எங்கை கொண்டுபோய்க் குத்தினாய்?”

“டயர் பதின்மூண்டு வருசம்.”

அவன் கையைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

“ஓடாத டயரடா. புதுசுதான்.”

“இலக்கத்தை உள்ளுக்குத் திருப்பியிருக்கிறாய்.”

“பூட்டேக்கை அப்பிடி வந்திருக்கும்.”

“நாலுமோ?”

துணியைத் தோளில் போட்டான். பிறகு சொன்னான்.

“நீயும் டயர்க் கடையிலை நிண்டவன்தானே. பாப்பாய் எண்டு நினைச்சன். நீ ஒண்டும் சொல்லேல்லை. சரி, உனக்கு இது போதும் எண்டு விட்டிட்டன்.”

பார்ப்பேன் என்று நினைத்தவன் ஏன் உள்ளே திருப்பினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னொன்று சொல்வான். நான் குனிய மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். ஏன் குனிய மாட்டேன் என்றும் தெரியும். பழைய டயரைவிட அதுதான் எனக்குத் தைத்தது.

“உன்ரை தங்கச்சி பக்கத்திலை இருந்தவள்,” என்றேன்.

“அவளுக்கு ஒண்டுமில்லைத்தானே?”

“இல்லை.”

“பிறகென்ன. ட்ரக்கை உள்ளை விடு. வேறை போட்டுத் தாறன்.”

“வேண்டாம்.”

ட்ரக்கை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நாலைந்து தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. 

வீட்டுக்குப் பக்கத்தில் தெரியாத ஒருவனின் கடையில் வேறு டயர் போட்டேன். முடியும்வரை அவன் பக்கத்திலேயே நின்றேன். அவன் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை.

பின்னேரம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணை போடேக்கை, பழசு எண்டு உங்களுக்குத் தெரியேல்லையோ?”

“பாக்கேல்லை.”

“பாக்கத் தெரியும்தானே?”

“ஓம்.”

“பிறகேன் பாக்கேல்லை?”

“அவன் என்ன நினைப்பான் எண்டு.”

கத்தியை வைத்தாள்.

“அவர் என்ன நினைப்பார் எண்டு யோசிச்சியள். நான் பக்கத்திலை இருப்பன் எண்டு யோசிக்கேல்லை.”

 அவள் திரும்பவும் கத்தியை எடுத்தாள்.

மாசியில் லண்டனுக்குள்ளேயே, ஸ்ட்ரெதமில் ஒரு கல்யாணம். வெயில் எறித்தது. ரோட்டு காய்ந்து கிடந்தது. நான் ட்ரெய்லரை ட்ரக்கில் பூட்டினேன். அவள் பூப்பெட்டிகளைக் கொண்டுவந்து தன் சீட்டில் அடுக்கினாள். விழாமல் இருக்க அவற்றுக்கு பெல்ட்டைப் போட்டாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

நான் போய்ச் சேர்ந்து அரை மணித்தியாலம் கழித்து வந்தாள். தூண்கள் நின்றன. பூவை எடுத்துக் கட்டத் தொடங்கினாள்.