முன்வரிசையின் பாரம்

தண்டவாளம் வந்தால் டெல்பர்ட் ரஸ்க் பஸ்ஸை நிறுத்துவார். கதவைத் திறப்பார். பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கி, காதை வெளியே நீட்டிக் கேட்பார். எங்கள் மொன்டானாப் பக்கத்தில் கோதுமை ஏற்றும் காலம் தவிர அந்தப் பாதையில் ரயிலே கிடையாது. பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் அவருக்குக் கேட்காது. ரயில் இல்லை என்று திருப்தியான பிறகுதான் கதவைச் சாத்துவார். பள்ளிக்கூட பஸ்ஸுக்குச் சட்டம் அப்படி. இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பஸ்ஸில் பிள்ளைகளும் இல்லை. கட்டிலும் அடுப்பும்தான் இருக்கின்றன.

காலமெல்லாம் தான் ஓட்டிய பஸ்ஸையே ஏலத்தில் எடுத்து வீடாக்கிக்கொண்டவர் அவர். பள்ளிக்கூட பஸ் இல்லையென்றால் மஞ்சளாக விடக்கூடாது என்றார்கள்; தானே பிரஷ்ஷால் பச்சை அடித்தார். கதவிடுக்கில் பழைய மஞ்சள் இன்னும் எட்டிப் பார்க்கும். சீட்டுகளைக் கழற்றி எறிந்தவர், மனைவி நோரீனுக்காக முன்வரிசையில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். தலைக்கு மேலே இருக்கும் அகலக் கண்ணாடியையும் கழற்றவில்லை. அது ரோட்டைப் பார்க்கும் கண்ணாடி இல்லை, உள்ளே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும் கண்ணாடி.

ஆள் குள்ளம். கால்சட்டையைத் தோள்பட்டை வார்தான் தாங்கிப் பிடித்திருக்கும். சட்டைப் பையில் எப்போதும் புதினா மிட்டாய். பேச்சு பிடிக்கவில்லையென்றால் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார். அதற்குமேல் பதில் வராது. அவர் பஸ்ஸில் போகாதவன் ஊரில் குறைவு. நானும் போனேன்; படிப்பை விட்டுச் சீக்கிரமே இறங்கிக்கொண்டேன். லாரிகளுக்கு பிரேக் வேலை பார்த்து எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் 'பொடியா' என்றுதான் கூப்பிடுவார். பஸ்ஸில் எவனாவது எழுந்து நின்றால் கண்ணாடியில் பார்த்தபடியே சொல்வார்: "குண்டி சீட்டுல படட்டும். அப்பத்தான் சக்கரம் உருளும்." கத்தமாட்டார். உட்காரும்வரை வண்டி நிற்கும், அவ்வளவுதான்.

இந்த இலையுதிர் காலத்தில் ஊருக்குள் இருந்த பழைய வீட்டை விற்றுவிட்டு, பனிக்கு முன் தெற்கே அரிசோனாவுக்குப் போய்விடுவது என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டவில்லை. மேட்டுச் சாலையில், மழை ஈரத்தில், லேசாக பிரேக்கை மிதித்திருக்கிறார். முன்சக்கரம் இரண்டும் கப்பென்று பிடித்துக்கொண்டன. ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி திரும்பவில்லை, நேரே வழுக்கிக்கொண்டு போனது. பள்ளத்துக்கு முன்னால் இருந்த கம்பிவேலிதான் நிறுத்தியது.

நோரீன் இறங்கி, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "இது நேரா நிக்கிற வரைக்கும் நான் ஏற மாட்டேன், டெல்பர்ட்டு. பனி வந்தா வரட்டும்."

பனி வந்தால் தெற்கே போகும் மலைக் கணவாய் மூடிவிடும். அப்புறம் குளிர்காலம் முழுக்க நோரீனுடைய தங்கை வீட்டு நிலவறைதான் கதி. டெல்பர்ட்டுக்கும் அந்தத் தங்கைக்கும் ஆகாது.

என் பட்டறைக்கு வந்தார். பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தேன். எண்ணெய்க் கசிவு இல்லை. லைனர் மாற்றினோம், ஸ்பிரிங் மாற்றினோம், காற்று வால்வையும் மாற்றினோம். நல்லதாக இருந்ததைக்கூட மாற்றச் சொன்னார். ஈரச் சரளையில் ஓட்டிப் பார்த்தால் மறுபடியும் அதே கதை. முன் டயர்கள் ஒரே இடத்தில் தேய்ந்து, ஓடும்போது தட் தட்டென்று அடித்தன. எடை போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பஸ் நெறய புள்ளைங்கள ஏத்திக்கிட்டு இதே மேட்டுல இறங்குனவன் பொடியா நான். இதோட கனம் எனக்குத் தெரியாதா?"

மிட்டாயைப் பிரித்துவிட்டார்.

நோரீன் விடவில்லை. தன் காரை ஓட்டிக்கொண்டுபோய்த் தானியக் கிடங்கின் எடைமேடை அருகே நிறுத்திவிட்டு, பஸ் வந்தால்தான் நகர்வேன் என்று உட்கார்ந்துவிட்டார். டெல்பர்ட் வந்தார், வேறு வழியில்லாமல். முதலில் முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றினோம், பிறகு பின்சக்கரத்தை. பின் ஆக்சிலில் தாங்கும் அளவுக்கு மேலேயே பாரம். முன் ஆக்சில், காலி பஸ்ஸில் இருந்ததைவிட லேசாக இருந்தது. கிடங்குக்காரர் மறுபடியும் போட்டுப் பார்த்தார். அதே எடைதான்.

நோரீன் பஸ்ஸைச் சுற்றிவந்து பின்கதவைத் திறந்தார். தண்ணீர்த் தொட்டி, பேட்டரிகள், இரும்பு அடுப்பு, ஜெனரேட்டர், அவருடைய ஊறுகாய்ப் புட்டிகள் எல்லாம் பின்சக்கரத்துக்கும் பின்னால் அடுக்கியிருந்தன. முன்பக்கம் மெத்தை, கம்பளம், ஜன்னல் திரை.

"என்ன டெல்பர்ட்டு, குட்டிப் புள்ளைங்கள முன்னாடி வச்சுட்டு, தடிப்பசங்கள எல்லாம் பின்னாடி அனுப்பிட்டியா?"

கிடங்குக்காரர் சிரித்தார். டெல்பர்ட் சிரிக்கவில்லை. பின்கதவருகே நின்று உள்ளே நெடுநேரம் பார்த்தார். நர்சரிப் பிள்ளைகள் முன்னால், மீசை முளைத்தவன் கடைசியில். வேலையில் இருந்த நாளெல்லாம் அப்படித்தான் உட்கார வைத்தார். பஸ்ஸை வீடாக்கும்போதும் கை தானாக அப்படியே செய்திருக்கிறது. பஸ் முழுக்கப் பிள்ளைகள் இருந்தவரை மூக்கு தரையில் அழுந்தி நின்றது. இப்போதோ வாலில் தொங்கும் பாரம் சீசாப் பலகை மாதிரி மூக்கைத் தூக்குகிறது. முன்சக்கரத்துக்கு ரோட்டில் பிடிப்பில்லை. பிரேக் பட்டதும் சுழலாமல் வழுக்குகிறது.

மிட்டாயை எடுத்தார். பிரிக்காமல் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, ஸ்பேனர் எங்கே என்று கேட்டார்.

தொட்டியை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே கொண்டுவந்தோம். பேட்டரிகள் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் வந்தன. அடுப்பை நகர்த்தும்போது, அடாவடிப் பையன்களிடம் பேசும் அதே குரலில் அதனிடமும் பேசினார்: "முன்னாடி வாடா. இனிமே என் கண்ணுக்கு எதுக்கவே உக்காரு."

மறுபடி எடை போட்டோம். சரியாக இருந்தது. ஆனால் நோரீனுக்கு எடைச்சீட்டு போதாது. மேட்டடியில் தண்டவாளத்தருகே காரை நிறுத்தி இறங்கிக் காத்திருந்தார். பக்கத்தில் நான். தூறலோடு பனித்துகளும் விழ ஆரம்பித்திருந்தது. பச்சை பஸ் மேட்டில் தெரிந்தது. நோரீன் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். நான் முன்சக்கரத்தையே பார்த்தேன். பிரேக் பட்டது. சக்கரம் வழுக்கவில்லை, மெதுவாக, மெதுவாக உருண்டு, தண்டவாளத்துக்கு முன்னால் நேராக நின்றது.

கதவு திறந்தது. டெல்பர்ட் காதை வெளியே நீட்டினார். ரயில் இல்லை.

நோரீன் கார்ச் சாவியை என்னிடம் எறிந்துவிட்டு, படியேறி உள்ளே போனார். நின்றபடியே அடுப்பைப் பார்த்தார், புட்டிகளைப் பார்த்தார்.

"ம், எடு வண்டிய" என்றார்.

டெல்பர்ட் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். நோரீன் முன்சீட்டில் உட்காரும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.