பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவன்

சபையாரே, என் வெட்கக்கேட்டைச் சொல்லாமல் ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு வழியில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருஷம் நான் நெல் அவித்த பழைய ரைஸ் மில்லைக் குறுவை அறுப்போடு மூடிவிட்டார்கள். நம் ஊர்ப் பையன்கள் சிங்கப்பூர், துபாய் என்று பறந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வயசு தாண்டிவிட்டது. மன்னார்குடி ரோட்டில் புதிதாக வந்த மில்லில் போய் நின்றேன். மேனேஜர் சின்ன வயசுக்காரர். "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றோடு என் தைரியம் போயிற்று. எந்த மில் கேட்டைப் பார்த்தாலும் பயந்து அப்படியே திரும்பிவிடுவேன்.

வீட்டில் சொல்லவில்லை. தினமும் இஸ்திரி போட்ட சட்டை, பையில் என் மனைவி ஸ்டெல்லா கட்டிக்கொடுத்த தயிர்சாதம். வேலை தேடப் போகிறேன் என்று பஸ் ஏறி, மன்னார்குடி பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிடுவேன். சாயந்திரம் திரும்பி, "அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க" என்பேன். என்ன வாய் எனக்கு! ஜெபம் மட்டும் குறையவில்லை. வேலை கொடும் ஆண்டவரே என்று முழங்காலில் அழுவேன். கேட்டுக்குள்ளேயே போகாதவனுக்கு அவர் எங்கே கொடுப்பார்? ஸ்டெல்லாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு.

நம் ஜெபப்பெட்டியில் போடும் சீட்டுகளைப் போதகர் பேர் சொல்லாமல் வாசிப்பார் இல்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சீட்டை வாசித்தார்: "வேலை தேடப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் என் கணவருடைய பயம் நீங்க ஜெபியுங்கள்."

எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கள் எல்லோரும் ஆமென் சொன்னீர்கள். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே தைரியம் இல்லை. தெரிந்தும் தினமும் சோறு கட்டிக் கொடுத்தாளே என்று நெஞ்சு வெடித்தது. அன்றுதான் ஜெபத்தை மாற்றினேன். "வேலை அப்புறம் இருக்கட்டும், அந்த கேட்டைத் தாண்ட வையும் ஆண்டவரே."

திங்கட்கிழமை அதே மில். பயம் போகவில்லை, பயத்தோடேயே உள்ளே போனேன். "கம்ப்யூட்டர் தெரியாதுங்க. நெல்லைக் கடிச்சுப் பார்த்து ஈரம் சொல்லுவேன்" என்றேன். மேனேஜர் மூன்று மூட்டையைக் காட்டினார். கடித்துச் சொன்னேன். ஈரம் பார்க்கும் மெஷினை வைத்துச் சரிபார்த்துவிட்டு, "நாளையிலேருந்து வாங்கண்ணே" என்றார். நெல் காயவைக்கும் களத்தில் வேலை. ஸ்தோத்திரம்!

வீட்டுக்கு ஓடிவந்து ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நீ மட்டும் அந்த பஸ் ஸ்டாண்ட் சீட்டு எழுதலேன்னா..."

அவள் விழித்தாள். "எந்தச் சீட்டு? உங்களுக்கு வேலை கிடைக்கணும்னுதானே நான் எழுதிப் போட்டேன்? பஸ் ஸ்டாண்டா? நீங்களா அது?"

அன்று வாங்கிய திட்டை இங்கே சொல்ல முடியாது.

அந்தச் சீட்டை எழுதிய சகோதரியே, நீங்கள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் ஜெபத்தில் பிழைத்தவன் நான். நாளைக்குக் காலையில் அதே பஸ் ஸ்டாண்டில் நிற்பேன், உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அண்ணே, பயம் போகட்டும்னு காத்திருக்காதீங்க, பயத்தோடேயே வாங்க. கேட் வரைக்கும் நான் கூட வர்றேன். அதுக்கு அப்புறம் உள்ளே ஆண்டவர் கூட வருவார்.