டீ கறுத்த பதினோரு நாள்

"என் தூள்ல சாயம் இல்ல சார். ஒங்க தண்ணியிலதான் என்னமோ இருக்கு!"

போனில் இப்படிக் கத்தியவர் செல்லம்மாக்கா. உடும்பஞ்சோலைப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தார். புது போர்வெல் தண்ணீர் வந்த வாரத்திலிருந்து அவர் போடும் டீ மைக்கறுப்பாக மாறியது. தூளில் சாயம் கலக்கிறார் என்று புகார் போய், அதிகாரிகள் கடையைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். தண்ணீரில் இரும்பு இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தது நான்தான். குடிநீர் லேப்பில் அப்போது நான் டெக்னீஷியன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருஷ சர்வீஸில் ஒரு டீக்கடைக்காரம்மாவா என் ரிப்போர்ட்டில் குறை சொல்வது? எங்கள் கெமிஸ்ட் மேடம் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரர். "போயித்தான் பாத்துட்டு வாங்களேனுங்க. ரிப்போர்ட் செரியா இருந்தா பயமெதுக்குங்க?" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

செல்லம்மாக்கா வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு டம்ளரில் பழைய ஓடைத் தண்ணீர், இன்னொன்றில் போர்வெல் தண்ணீர். இரண்டும் தெளிவாகத்தான் இருந்தன. இரண்டிலும் ஒரே டிக்காஷனை ஊற்றினார். ஓடைத் தண்ணீர் சிவந்தது. போர்வெல் தண்ணீர் கறுத்தது.

"ரெண்டும் ஒரே தூளு. இப்பச் சொல்லுங்க சார்."

டிக்காஷன் இப்படிக் கறுத்தால் தண்ணீரில் இரும்புதான், என் தப்பு எங்கே என்று அங்கேயே புரிந்தது. கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டால் துருவாகிப் படியும். அதைத் தடுக்க, சாம்பிள் பிடித்த இடத்திலேயே ஆசிட் விட வேண்டும். நான் விடவில்லை. பாட்டில் மூன்று நாள் கழித்து லேப்புக்கு வந்தது. அடியில் இருந்த காவி வண்டலை மண் என்று நினைத்து, மேலே இருந்த தெளிந்த தண்ணீரை மட்டும் டெஸ்ட் செய்தேன்.

புதிதாகச் சாம்பிள் பிடித்து ஆசிட் விட்டு எடுத்துப் போனேன். இரும்பு அனுமதித்த அளவுக்கு மேலேயே இருந்தது. தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பூட்டிய பதினோராம் நாள் கடை திறந்தது. பிறகு போர்வெல்லுக்கு ஃபில்டரும் வந்தது.

மேடம் விடவில்லை. "அந்த டிக்காஷனையே பேப்பர்ல ஏத்துனா என்னங்க?" என்றார். தேயிலையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் இரும்பைக் கண்டால் கறுக்கிறது. ஃபில்டர் பேப்பரைக் கெட்டி டிக்காஷனில் ஊறவைத்துக் காயவைத்தோம். மலைப் பனியில் முதல் கட்டு முழுக்கப் பூசணம் பிடித்தது. காற்றுப் புகாத டப்பாவில் போட்ட பிறகு நின்றது. எவ்வளவு கறுத்தால் எவ்வளவு இரும்பு என்று ஒரு கலர் அட்டையும் செய்தோம். மற்ற உலோகங்களுக்கு இன்றும் லேப்தான். இரும்பை மட்டும் இப்போது லயத்துப் பெண்களே குழாயடியில் பார்த்துக்கொள்கிறார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். யாராவது தண்ணீரைக் குறை சொன்னால் ரிப்போர்ட்டை நீட்டாதீர்கள், முதலில் அந்தக் குழாயடிக்குப் போங்கள்.

முதல் டப்பாவைச் செல்லம்மாக்காவிடம்தான் கொடுத்தேன். ஒரு பேப்பரை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, அட்டையோடு வைத்துப் பார்த்தார்.

"அப்ப இனிமே நீங்க வந்து சொல்ற வரைக்கும் நான் கள்ளின்னு பேரெடுத்து ஒக்காந்திருக்க வேணாம்ல சார்?" என்றார்.