மெழுகுச் சட்னி

நாளை பனிச்சறுக்குக்காகத் தாஹோவுக்குக் கிளம்புகிறோம். என் சறுக்குப் பலகையான ஸ்னோபோர்டில் பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங்கைக் கோணம் பார்த்து முடுக்கினேன். விளிம்பை அரத்தால் கூராக்கினேன். அடிப்பக்கத்தில் மெழுகை இஸ்திரிப்பெட்டியால் உருக்கித் தேய்த்து, ஆறியதும் சுரண்டினேன்.

எல்லாம் மில்பிடாஸ் அபார்ட்மென்ட்டின் சமையலறையில்தான். வெள்ளையாக உதிர்ந்ததைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்தால், ரூம்மேட் செந்தில் இட்லியும் சட்னியும் வைத்திருந்தான். ஒரு வாய் மென்றேன். பல்லெல்லாம் அப்பிக்கொண்டது.

"டேய், சட்னில என்னடா போட்ட?"

"நீ துருவி வச்சிருந்த தேங்காதான். ஃப்ரோசன் தானே? அரையவே மாட்டேன்னுச்சு."

அது பலகையில் சுரண்டிய மெழுகு என்று சொன்னேன். போன சீசனின் அழுக்கும் அதில் உண்டு என்பதையும் சொன்னேன். ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தேன்.

அவன் அடுத்த இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொண்டே சொன்னான்: "தாளிச்சாச்சுல்ல, விடு."

இந்த மெயிலிங் லிஸ்ட்டில் யாருக்காவது ரூம்மேட் வேண்டுமா? நன்றாகச் சமைப்பான்.